மூளையின் வரைபடமும் கொடுத்தவர்களும்

1

அந்த அம்மாளுக்கு வயது 65. ஜெர்மனியில் டூசல்டார்ஃப் பல்கலைக்கழகத்துக்குத் தன் உடலைச் சாவுக்குப் பின் எடுத்துக்கொள்ளும்படி எழுதிவைத்தவர். அவரைப் பற்றி வெளியுலகுக்குத் தெரிந்தது அநேகமாக இவ்வளவுதான். பெயர் தெரியாது. என்ன வேலை பார்த்தார், யாரை நேசித்தார், கடைசியாக என்ன நினைத்தார் என்பதெல்லாம் தெரியாது. ஆனால் அவருடைய மூளையின் ஒவ்வொரு மடிப்பும் இன்று உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியதாக இருக்கிறது.

மூளையைப் பாரஃபின் மெழுகில் பதித்து, 20 மைக்ரான் பருமனுள்ள 7,404 சீவல்களாக அரிந்தார்கள். நம் வெற்றிலைப் பெட்டியிலுள்ள பாக்குச் சீவலை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தச் சீவலின் பருமன் தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஒவ்வொன்றையும் கண்ணாடியில் ஏற்றி, உயிரணுக்கள் கறுத்துத் தெரியும்படி சாயமேற்றி, படமெடுத்தார்கள். அரியும்போது சில கிழிந்தன, சில சுருங்கின, சில மடிந்தன. அவற்றையெல்லாம் கணிப்பொறியில் திருத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மறுபடியும் ஒரு முழு மூளையாக்கினார்கள். ஜெர்மனியில் யூலிஷ் நகரத்து ஆராய்ச்சி நிலையமும் கனடாவில் மாண்ட்ரியால் நரம்பியல் நிலையமும் சேர்ந்து செய்த வேலை. காத்ரின் அமுன்ட்ஸ், கார்ல் ஸில்லெஸ், ஆலன் எவன்ஸ் ஆகியோர் முன்னின்றவர்கள். 2013 ஜூன் மாதம் வெளியாயிற்று. 'பெரிய மூளை' என்று பெயர் வைத்தார்கள். ஏறக்குறைய ஒரு டெராபைட் அளவு. ஆராய்ச்சிக்கு யாருக்கும் இலவசம்.

இந்த 'இலவசம்' என்ற சொல்லைப் பற்றித்தான் இக்கட்டுரை. எடுத்துக்கொள்கிறவனுக்குத்தான் எதுவும் இலவசம். கொடுத்தவன் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. மூளை வரைபடங்களின் நூற்றாண்டு வரலாற்றை விஞ்ஞானிகள் சாயங்களின் வரலாறாக, கருவிகளின் வரலாறாக எழுதுகிறார்கள். அது சரிதான். ஆனால் கொடுத்தவர்களின் வரலாறாகவும் அதை எழுதலாம். கொடுத்தவர்கள் என்று சொல்லத் தகாதவர்கள், அதாவது பறிகொடுத்தவர்கள், அந்த வரலாற்றில் நிறைய வருகிறார்கள்.

2

1861-ல் பாரிஸுக்கருகே பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்ற நோயாளி இறந்தார். இருபத்தொரு வருஷம் அங்கேயே கிடந்தவர். பிறர் பேசுவது அவருக்குப் புரியும்; ஆனால் வாயில் வருவது 'தான்' என்ற ஒரே அசை. ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயரும் அதுவாகவே ஆகிவிட்டது. (தமிழில் அந்த அசைக்கு என்ன பொருள் என்பதை நினைத்தால் கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கிறது. தற்செயல்தான்; அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.) மருத்துவர் பால் ப்ரோக்கா அவருடைய மூளையை எடுத்துப் பார்த்து, இடது முன்பகுதியில் சேதம் இருப்பதைக் கண்டு, பேச்சுக்கு மூளையில் ஓர் இடம் உண்டு என்றார். அந்த மூளையை அவர் அரியவில்லை. முழுதாகவே ஜாடியில் பாதுகாத்தார். பாரிஸில் அது இன்றும் இருக்கிறது. அந்த இடத்துக்கு ப்ரோக்கா பகுதி என்று பெயர். லெபோர்ன் பகுதி என்று யாரும் சொல்வதில்லை.

இடம் உண்டு என்றால் வரைபடம் வேண்டும். அதைப் போட்டவர் கோர்பீனியன் ப்ரோட்மன். பெர்லினில் ஆஸ்கர் ஃபோக்ட், ஸெஸில் ஃபோக்ட் தம்பதிகளின் ஆய்வுக்கூடத்தில் 1901 முதல் உட்கார்ந்து, மூளைப் புறணியைச் சீவிச் சீவி, நிஸ்ஸல் கண்டுபிடித்த சாயத்தை ஏற்றி, உருப்பெருக்கியில் பார்த்தார். எங்கெங்கே உயிரணுக்களின் அடுக்கு முறை மாறுகிறதோ அங்கங்கே எல்லை போட்டு எண் கொடுத்தார். எண்கள் 52 வரை போகின்றன. 1909-ல் லைப்ஸிகில் புத்தகமாயிற்று. 17 என்றால் பார்வை, 4 என்றால் அசைவு, 44, 45 என்றால் பேச்சு என்று இன்றும் மருத்துவ மாணவன் மனப்பாடம் செய்கிறான். நாம் பார்க்கும்போது, பேசும்போது எல்லாம் அவர் கொடுத்த எண்களுக்குள்தான் ஏதோ நடக்கிறது. அவருக்குப் பெர்லினில் கிடைத்ததோ வேறு. பேராசிரியத் தகுதிக்காக அவர் சமர்ப்பித்த ஆய்வை மருத்துவப் புலம் தள்ளிவிட்டது. 1918-ல், ஐம்பது வயது நிறையுமுன், ம்யூனிக்கில் ரத்தத்தில் நச்சேறி இறந்தார்.

ப்ரோட்மனின் படம் ஒரு தனி மனிதனுடைய மூளை அல்ல, மாதிரிச் சித்திரம். அதன் வெற்றிக்கு அதுவே காரணம். யாருடையதும் இல்லாததால் எல்லோருடையதுமாக இருக்க முடிந்தது. வியன்னாவில் ஃபான் எகோனமோவும் கோஸ்கினஸும் 1925-ல் 107 பகுதிகளாகப் பிரித்து, புகைப்படங்களோடு இன்னும் கவனமான வரைபடம் ஒன்றை வெளியிட்டார்கள். அது பருமனான, விலையுயர்ந்த புத்தகமாக அலமாரியில் தங்கிவிட்டது. ப்ரோட்மனின் கோட்டுச் சித்திரமோ கைக்குக் கை, புத்தகத்துக்குப் புத்தகம் பிரதியாகிப் பரவிற்று. எளிதில் கிடைப்பது வெல்லும் என்பது கவிதையில் மட்டும் நடக்கிற காரியமல்ல.

3

அடுத்து வருவது பூட்டிவைத்த வரைபடம்.

1924 ஜனவரியில் லெனின் இறந்தார். அந்த மூளையில் மேதைமை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவேண்டும் என்று சோவியத் அரசு நினைத்தது. பெர்லினிலிருந்து ஆஸ்கர் ஃபோக்டை அழைத்தார்கள். லெனினின் மூளை 30,000-த்துக்கும் மேற்பட்ட சீவல்களாயிற்று. புறணியின் மூன்றாவது அடுக்கில் கூம்பு வடிவ அணுக்கள் வழக்கத்துக்கு மேல் பெரியனவாக இருக்கின்றன என்று ஃபோக்ட் அறிவித்தார். ஒரு மனிதனின் சிந்தனையை அணுக்களின் பருமனில் தேடியது விஞ்ஞானமா, அல்லது விஞ்ஞான உடையில் வந்த சிலை வழிபாடா என்பதை வாசகர் தீர்மானிக்கலாம். மாஸ்கோவில் இதற்கென்றே ஒரு மூளை நிலையம் ஏற்பட்டது. பின்னால் வேறு பிரமுகர்களின் மூளைகளும் அங்கே சேர்ந்தன. 1930-ல் கவிஞன் மாயகோவ்ஸ்கி தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தபோது அவன் மூளையும் அங்கேதான் போயிற்று. அவன் கவிதை யாவர்க்கும் பொது. மூளை அரசாங்க ரகசியம். இவ்வளவு பெரிய உழைப்பிலிருந்து உலகத்துக்குப் பயன்படும் வரைபடம் ஒன்றும் வந்துவிடவில்லை. பெயர் மட்டும் இருந்தது. சொல்லப்போனால் பெயரைத்தான் அங்கே அரிந்துகொண்டிருந்தார்கள்.

பெர்லினில் நடந்தது இதற்கு நேர் எதிரானது. அங்கே பெயர்தான் முதலில் அழிக்கப்பட்டது. ஃபோக்ட் தம்பதிகள் பெர்லின்-பூக்கில் 1931-ல் திறந்த மூளை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து நாஜிகள் 1937-ல் ஆஸ்கர் ஃபோக்டை வெளியேற்றினார்கள். ஹூகோ ஸ்பாட்ஸ் தலைவரானார். 1938-ல் யூலியஸ் ஹால்லர்ஃபோர்டன் வந்து சேர்ந்தார். மறுவருஷம் நாஜி அரசு மனநோயாளிகளையும் ஊனமுற்றவர்களையும் கொல்லும் திட்டத்தைத் தொடங்கிற்று. குழந்தைகளும் அதில் சேர்த்தி. கொல்லப்பட்டவர்களின் மூளைகள் ஹால்லர்ஃபோர்டனின் மேஜைக்கு வந்தன. ஏறக்குறைய 700 மூளைகள். அவர் ஒழுங்காகச் சாயமேற்றினார், குறிப்பெழுதினார், அலமாரியில் வரிசையாக வைத்தார். யுத்தம் முடிந்தது. அவர் தண்டிக்கப்படவில்லை. அந்த நிலையத்தின் வாரிசான மாக்ஸ் ப்ளாங்க் நிலையத்தில் தொடர்ந்து விஞ்ஞானியாக இருந்து, 1965-ல் இறந்தார். சீவல்கள் அலமாரியிலேயே இருந்தன.

இங்கே நிற்கவேண்டும். அந்தச் சீவல்களில் தொழில் ரீதியாகக் குறை எதுவும் இருந்திருக்காது. சாயம் சரியாகப் பிடித்திருக்கும். அணுக்கள் தெளிவாகத் தெரிந்திருக்கும். சீவல் பொய் சொல்லாது. ஆனால் தான் எங்கிருந்து வந்தேன் என்பதை அதுவாகச் சொல்லவும் சொல்லாது. உருப்பெருக்கியின் கீழே, மனமுவந்து கொடுத்த மூளையும் கொன்று எடுத்த மூளையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம் சீவலில் இல்லை. சீவலோடு வரும் கதையில் இருக்கிறது. கதையைத் தொலைத்துவிட்டால் வித்தியாசமும் தொலைந்துவிடும்.

1990-ல் மாக்ஸ் ப்ளாங்க் ஸ்தாபனத்தார் அப்படிப்பட்ட சீவல்களைச் சேர்த்து ம்யூனிக் மயானம் ஒன்றில் அடக்கம் செய்தார்கள். மரியாதைக்குரிய செயல் என்றுதான் அன்று எண்ணினார்கள். ஆனால் அவை யார் யாருடையவை என்று ஒவ்வொன்றாகத் தேடிப்பார்க்காமலே புதைத்தார்கள். பின்னர் மேலும் சீவல்கள் அகப்பட்டன. 2017-ல் வரலாற்றாசிரியர்களைக் கொண்டு அந்த மனிதர்களின் பெயர்களைத் தேடும் வேலை தொடங்கிற்று. இதற்கிடையில் பெயர் விஷயத்தில் இன்னொன்றும் நடந்திருந்தது. ஹால்லர்ஃபோர்டன், ஸ்பாட்ஸ் இருவர் பெயரும் சேர்ந்து ஒரு நோய்க்குப் பெயராகப் பல பத்தாண்டுகள் பாடப்புத்தகங்களில் நிலைத்திருந்தது. சமீப காலத்தில்தான் அதைக் கைவிட்டு வேறு பெயர் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். அரிந்தவனுக்குப் பெயர் நிற்கிறது, அரியப்பட்டவனைத் தேடவேண்டியிருக்கிறது.

4

யுத்தத்துக்குப் பின் வந்த வரைபடங்களில் பிரச்னை வேறு உருவம் எடுத்தது. கேள்வி இப்போது அறம் பற்றியதல்ல, பாடம் பற்றியது. நம்முடைய பழைய பதிப்பாசிரியர்களுக்கு நன்றாகவே புரிந்திருக்கக்கூடிய கேள்வி.

பாரிஸில் ஸான் தலெராக் என்ற அறுவை மருத்துவர், மண்டையைத் திறப்பதற்குமுன் உள்ளே எந்த இடம் எங்கே இருக்கும் என்று அளந்து சொல்ல ஒரு முறை கண்டார். 1988-ல் தூர்னூவோடு சேர்ந்து அவர் வெளியிட்ட வரைபடம், மூளை ஆராய்ச்சி முழுவதற்கும் பொது அளவுகோலாயிற்று. அது 60 வயதுப் பெண்மணி ஒருவரின் ஒரே ஒரு மூளை. அதிலும் ஒரு பாதியைத்தான் வரைந்தார்கள். மறுபாதி அதன் பிரதிபிம்பமென்று வைத்துக்கொள்ளப்பட்டது. உலகத்தில் எந்த மூளையிலும் இரண்டு பாதிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆயினும் டோக்கியோவில் ஒருவன், நியூயார்க்கில் ஒருவன், எவன் மூளையைப் படமெடுத்தாலும் பாரிஸில் இறந்த அந்த மூதாட்டியின் தலைக்குள் பொருத்தித்தான் அவன் எங்கே சிந்தித்தான் என்று சொன்னார்கள். ஒற்றை ஏட்டுச்சுவடியை வைத்துக்கொண்டு, அதிலும் பாதிச் சுவடியை வைத்துக்கொண்டு, காவியம் பதிப்பித்ததற்குச் சமம்.

மாண்ட்ரியாலில் இதற்கு மாற்று கண்டார்கள். 305 இளைஞர்களை எம்.ஆர்.ஐ. படமெடுத்து, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திச் சராசரி கண்டார்கள். 1993-ல் இது வெளிவந்தது. 239 ஆண்கள், 66 பெண்கள். சராசரி மூளையில் மடிப்புகள் பனிமூட்டத்தில் தெரியும் ஊர் மாதிரி மங்கித் தெரிந்தன. எல்லோருக்கும் பொதுவான இடங்கள் நின்றன. மனிதனுக்கு மனிதன் மாறும் இடங்கள் கரைந்தன. எல்லாப் பாடங்களையும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்தால் என்ன கிடைக்குமோ அதுதான்.

உ.வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது செய்தது இரண்டுமில்லை. பல சுவடிகளைத் தேடி ஒப்பிட்டார். ஒரு பாடத்தைக் கொண்டார். வேறுபாடுகளை மறைக்காமல் காட்டுவது அவருடைய பதிப்பு முறையாயிற்று. இந்த நேர்மைக்கு மூளை வரைபடம் வந்து சேர இன்னும் நூற்றுச் சொச்சம் வருஷம் ஆயிற்று. 2020-ல் அமுன்ட்ஸ் குழுவினர் 23 மூளைகளைக் கொண்டு வெளியிட்ட யூலிஷ் வரைபடத்தில், இந்தப் புள்ளி இந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று தீர்ப்புச் சொல்வதில்லை. அரிந்து பார்த்த பத்து மூளைகளில் எத்தனையில் இந்தப் பகுதி இந்தப் புள்ளி வரை வந்தது என்று சொல்கிறார்கள். அதாவது பாடபேதத்தையே வரைபடமாக்கியிருக்கிறார்கள். எல்லை என்பது கோடு அல்ல, சாத்தியத்தின் அளவு. வரைபடக் கலையில் இது பெரிய பிரக்ஞை மாற்றம் என்றே எனக்குத் தோன்றுகிறது. இதையும் இலவசமாகவே கொடுத்திருக்கிறார்கள். எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைத்தால் தன் சந்தேகத்தையும் கூடவே வைக்கவேண்டியிருக்கிறது.

5

மனமுவந்து கொடுத்தல் என்பதும் நாம் நினைக்கிற அளவுக்கு எளிய விஷயமல்ல.

அமெரிக்காவில் ஹென்றி மோலைசன் என்பவருக்கு 1953-ல், அவருடைய 27-வது வயதில், வலிப்புக்காக அறுவை செய்தார்கள். மூளையின் இரு பக்கத்திலும் உள்ளே ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். வலிப்புக் குறைந்தது. கூடவே புதிய நினைவு எதையும் வைத்துக்கொள்ளும் சக்தி போய்விட்டது. அடுத்த 55 வருஷம் அவருக்கு அப்போதைக்கப்போது பிறந்த நிமிஷங்களாகவே கழிந்தது. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அவர் 'ஹெச்.எம்.' என்ற இரண்டே எழுத்து. நினைவு பற்றி இன்று விஞ்ஞானம் அறிந்ததில் கணிசமான பங்கு அந்த இரண்டெழுத்து மனிதரிடமிருந்து வந்தது. தன்னைச் சோதிக்க வந்தவர்களை ஒவ்வொரு முறையும் புதியவர்களாகவே சந்தித்து, பொறுமையாக ஒத்துழைத்தார்.

மூளையைக் கொடுப்பதற்கான சம்மதம் 1992-ல் அவரிடமும், அவருக்காக நீதிமன்றம் நியமித்த பாதுகாவலரிடமும் பெறப்பட்டது. சற்று நேரத்தில் மறந்துபோகிற ஒருவர் தருகிற சம்மதம் எத்தகையது? கையெழுத்துப் போட்ட மனிதருக்கும் அன்று மாலை சாப்பிட்ட மனிதருக்கும் இடையே என்ன தொடர்பு? சட்டம் இதற்கு விடை வைத்திருக்கிறது. எனக்கு அந்த விடை போதவில்லை. ஆனால் அந்தச் சம்மதத்தை ஒதுக்கித் தள்ளவும் மனம் வரவில்லை. நினைவில்லாதவனுக்குக் கொடுக்கும் உரிமையும் இல்லை என்று சொன்னால், அவரிடம் மிஞ்சியிருந்த மனிதத்தன்மையையும் நாமே எடுத்துக்கொண்டதாக ஆகும்.

2008 டிசம்பரில் அவர் இறந்தார். அப்போதுதான் பெயர் வெளியாயிற்று. மறுவருஷம் கலிஃபோர்னியாவில் ஸான் டியகோவில் யாக்கோபோ அன்னேஸே என்ற விஞ்ஞானி 53 மணி நேரத்தில் அந்த மூளையை 2,401 சீவல்களாக அரிந்தார். இணையத்தில் அது அரியப்படும்போதே லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். எந்த மனிதருக்கு யாரையும் நினைவில் வைக்க முடியாமல் போயிற்றோ அவரை உலகம் நினைவில் வைத்துக்கொண்டது. முரண்நகை என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் பார்த்த லட்சம் பேரில் எத்தனை பேர் கூத்துப் பார்த்தார்கள், எத்தனை பேர் இறுதி மரியாதைக்கு வந்தவர்களைப்போல் பார்த்தார்கள் என்ற கேள்வி மிஞ்சத்தான் செய்கிறது. திறந்துவைப்பது வேறு, காட்சிக்கு வைப்பது வேறு.

6

வரைபடம் இனி எங்கே போகும்? 2024-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் கூகுள் நிறுவனமும் சேர்ந்து, வலிப்பு நோய்க்காக அறுவை செய்துகொண்ட 45 வயதுப் பெண் ஒருவரின் மூளையிலிருந்து எடுத்த துணுக்கு ஒன்றை வரைபடமாக்கின. ஒரு கன மில்லிமீட்டர். கேழ்வரகு மணி அளவுதான். அதில் 57,000 உயிரணுக்கள், சுமார் 15 கோடி இணைப்புகள். பதிவு மட்டும் 1.4 பெட்டாபைட், முதலில் சொன்ன அம்மாளின் முழு மூளைக்கு ஆனதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். இதுவும் இலவசம். முழு மூளையிலோ பத்து லட்சத்துக்கும் அதிகமான கன மில்லிமீட்டர்கள் இருக்கின்றன. மனிதனை வரைந்து முடித்துவிடுவார்கள் என்று நம் எழுத்தாளர்கள் யாரும் இப்போதைக்குக் கலவரப்பட வேண்டியதில்லை. வரைந்து முடித்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. அந்தப் படத்தில் அந்தப் பெண்ணின் ஒரு நினைவுகூட இல்லை. வீணையின் ஒவ்வொரு நரம்பையும் அளந்தபிறகும் வாசித்த ராகம் அளவில் அகப்படாது. இது மர்மவாதமல்ல, எது எதற்கு வரைபடம் என்ற தெளிவு.

2024 டிசம்பரில் சென்னையிலும் ஒரு வரைபடம் வெளியாயிற்று. இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மூளை ஆராய்ச்சி மையம் வெளியிட்ட அதற்குத் 'தரணி' என்று பெயர். கருவின் நடு மூன்று மாதங்களில் மூளை எப்படி உருவாகிறது என்பதை 5,132 சீவல்களில் காட்டுகிறது. இதுவும் உலகத்தின் எந்த ஆராய்ச்சியாளனும் இலவசமாகப் பார்க்கலாம். நம் ஊரிலிருந்து உலகத்துக்கு ஒன்று போயிருக்கிறது என்று பெருமைப்பட நியாயம் இருக்கிறது. பெருமை அடங்கியபின் வேறொன்று தோன்றுகிறது. இதுவரை சொன்ன தலைகளுக்கெல்லாம், மறைக்கப்பட்டிருந்தாலும் அழிக்கப்பட்டிருந்தாலும், ஒரு பெயர் எங்கோ இருந்தது. இவற்றுக்குப் பெயர் சூட்டும் நாளே வரவில்லை. தொட்டில் வரை வராத கருக்கள். வரைபடத்துக்குத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள், பூமியின் பெயர்.

இவர்களின் பெயர்களை வெளியிடவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. டூசல்டார்ஃப் அம்மாளின் பெயர் மறைக்கப்பட்டிருப்பது அவருக்குத் தரப்பட்ட பாதுகாப்பு. ஹால்லர்ஃபோர்டனின் அலமாரியில் பெயர் மறைந்திருந்தது கொலையின் தொடர்ச்சி. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றே. அதனால்தான், ஒரு வரைபடம் திறந்திருக்கிறது என்பது மட்டும் போதாது என்கிறேன். பெயர் வேண்டாம், அது எப்படி வந்தது என்ற கதையும் கூடவே திறந்திருக்கவேண்டும். கொடுத்தார்களா, எடுத்தார்களா என்ற ஒரு வரியாவது ஒவ்வொரு சீவலோடும் போகவேண்டும். எடுத்துக்கொள்கிறவன் காசு கொடுக்கவேண்டியதில்லை. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு எடுத்துக்கொண்டால் போதும்.